கண்ணாடியில் தங்கிய நிறம்

நாளைக் காலை முதல் ஆபரேஷன் அம்மாவுக்குத்தான் என்று நர்ஸ் வந்து சொன்னதும் அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "அதெல்லாம் ஆவாது. நான் அவகிட்ட சொல்லிக்கினு வரல" என்றாள்.

நர்ஸுக்குத் தமிழ் அரைகுறை. "எவரண்டி? கூத்துரா?" என்று என்னைக் கேட்டாள். மகளா என்கிறாள். ஆமாம் என்றால் அந்த மகளை வரச்சொல்லுங்கள் என்பாள். இல்லை என்றால் அம்மா என்னைச் சும்மா விடமாட்டாள். சித்தூரில் இருக்கிறாள் என்று தெலுங்கில் சொல்லிவைத்தேன். அது பொய்யில்லை.

சித்தூர் வீட்டுக் கூடத்துச் சுவரில் இருக்கிறாள். கண்ணாடி போட்ட ஒரு பெரிய வண்ணப் படம். இயேசு உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் பிள்ளைகள். எல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகள், ரோஜா நிறக் கன்னமும் வைக்கோல் நிற முடியுமாக. அவர் முழங்காலில் சாய்ந்து நிற்கிற ஒருத்தி மட்டும் மாநிறம், கறுத்த முடி. நான் பிறப்பதற்கு முன்பே காய்ச்சலில் இறந்துபோன என் அக்கா அவள்தான் என்று அம்மா சொல்வாள். அக்காவுக்கு நான்கு வயது. போட்டோ எதுவும் எடுத்து வைத்திருக்கவில்லை.

அம்மா அந்தப் படத்தைக் கும்பிடுவதில்லை. நாங்கள் பழைய மிஷன் சபைக்காரர்கள். படத்துக்குப் பூ வைப்பதும் விளக்கு ஏற்றுவதும் எங்களுக்கு ஆகாது. ஆனால் கடைக்குக் கிளம்பினாலும் கல்யாணத்துக்குக் கிளம்பினாலும், அந்தப் பெண்ணைப் பார்த்து "போய்ட்டு வரேன்டி" என்று சொல்லாமல் அம்மா செருப்பு மாட்டமாட்டாள். இந்தத் தடவைதான் சொல்லவில்லை. திருப்பதிக்கு வந்து, ஆஸ்பத்திரியில் ஒரு எக்கோ எடுத்துக்கொண்டு, சாயங்காலமே திரும்புவதாகத்தான் பேச்சு. மழை கொட்டிக்கொண்டிருந்தது, வாசலில் ஆட்டோ நின்றது, நான் சீக்கிரம் சீக்கிரம் என்று கத்தினேன். எக்கோவைப் பார்த்த டாக்டர் இதய வால்வை மாற்றியாக வேண்டும் என்று அன்றைக்கே படுக்கவைத்துவிட்டார். அதன் பிறகு ஒரு வாரத்துக்கு மேல் மழை, டெஸ்ட், மழை, டெஸ்ட்.

"என் போன்ல அந்தப் படம் இருக்கும்மா. காட்டறேன், சொல்லிக்கோ" என்றேன்.

"போன்ல சொல்றதுக்கு அவ இன்னா துபாய்லயா கீறா? போய் எடுத்துக்கினு வாடா. இல்லன்னா நாளைக்கு நான் வரமாட்டேன், அவ்ளோதான்."

என் மனைவி என்னை வராண்டாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "போய் எடுத்துக்கினு வந்துடுங்க. இப்பவே பிரஷர் ஏறிக்கினு கீது" என்றாள். அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

நான் இயல்பிலேயே கவலைப்படுகிறவன். கேஸை மூடினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிற ரகம். தொழிலும் அதற்கேற்ப அமைந்துவிட்டது. ஸ்ரீசிட்டி பக்கம் லேபிள் அச்சடிக்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். ஷாம்பு லேபிளில் சிவப்பு ஒரு மயிரிழை நகர்ந்திருந்தால் மெஷினை நிறுத்தச் சொல்லுகிற வேலை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு லூப் இருக்கும், கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்க்கிற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி. பஸ்ஸில் உட்கார்ந்ததிலிருந்து அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். எதற்கென்று கேட்டால் தெரியாது. இருக்கிறதா என்று பார்த்தால் ஒரு தெம்பு.

வீட்டுக் கதவைத் திறந்ததுமே ஈர வாடை முகத்தில் அடித்தது. கூடத்துச் சுவரில் மேலேயிருந்து கீழே வரைக்கும் தண்ணீர் இறங்கிய தடம், அந்தத் தடம் நேராகப் படத்துக்குள் போயிருந்தது. சுவருக்கு இந்த அளவு இடமிருக்கிறதே, ஒரு கை தள்ளி இறங்கியிருக்கக் கூடாதா என்று அந்தத் தண்ணீரைத் திட்டினேன். வேறு யாரைத் திட்டுவது?

படத்தைக் கழற்றித் தரையில் வைத்தேன். பின்பக்க அட்டை ஊறி உப்பியிருந்தது. ஆணிகளைப் பிடுங்கி அட்டையை எடுத்தேன். தாளின் மேல்பகுதி கண்ணாடியிலிருந்து சுலபமாக விலகியது. நடுவில் பிள்ளைகள் நிற்கிற இடத்தில் மட்டும் அசையவில்லை. முன்பக்கம் திருப்பினால், அக்காவின் முகமும் கையும் இருக்கிற இடம் கண்ணாடியோடு அப்பிக்கொண்டு, எண்ணெய் பட்டது மாதிரி கறுத்து மினுங்கியது. இழுத்தால் முகம் கிழியும்.

அப்படியே கண்ணாடியோடு எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்று இப்போது யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எனக்கு அப்போது அது தோன்றவில்லை. ஈரத்தோடு இருக்கிற தாளில் ஒரே ராத்திரியில் பூஞ்சை பிடிக்கும், காயக் காய இழுத்துக்கொண்டு தானாகவே கிழியும் என்று தொழில் தெரிந்த மூளை பயமுறுத்தியது. பிரிக்க ஒரே வழி, பின்பக்கம் ஈரத்துணி போட்டு நன்றாக ஊறவைத்து, மெதுவாக உரிப்பது. ஆனால் படத்தின் நிறம் எந்த ஜாதி நிறம் என்று தெரியாமல் தண்ணீரைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. எண்ணெய் மையில் அச்சடித்திருந்தால் தண்ணீர் ஒன்றும் செய்யாது. கையால் பூசிய தண்ணீர் வர்ணம் என்றால் கரைந்து ஓடிவிடும்.

லூப்பை எடுத்துக் குப்புறப் படுத்தேன்.

இன்றைக்கு நாங்கள் அச்சடிக்கிற எதையும் லூப்பில் பார்த்தால் வரிசை பிசகாத புள்ளிகள் தெரியும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நான்கும் சேர்ந்து சின்னச் சின்னப் பூவாக வட்டம் கட்டி நிற்கும். மனித முகமானாலும் மாம்பழமானாலும் அந்த நான்குதான். இந்தப் படத்தில் அந்த வரிசை இல்லை. ரவையைத் தூவினமாதிரி ஒழுங்கற்ற பொடிகள், சில இடத்தில் ஒருவர் உட்கார்ந்து பேனா முனையால் ஒவ்வொன்றாகக் குத்திய புள்ளிகள், பக்கத்தில் பக்கத்தில், சலிக்காமல். ரோஜா நிறம் சிவப்பும் வெள்ளையும் கலந்து வந்ததல்ல, அது தனி மை. வானத்துச் சாம்பல் நீலம் தனி மை. ஒரு நிறத்துக்கு ஒரு கல். வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் அந்த நிறம் மட்டும் வரவேண்டிய இடத்தை வரைந்து, மை ஏற்றி, ஒரே தாளைக் கல் கல்லாகக் கொண்டுபோய் அழுத்தியெடுத்த பழைய வண்ணக் கல்லச்சு. ஓரத்தில் பார்த்தால் நீலம் கோட்டைத் தாண்டி லேசாக வெளியே எட்டிப்பார்க்கிறது. எந்தக் கல்லும் முந்தினதன் மேல் கச்சிதமாக உட்காராது. அதைத்தான் நாங்கள் ரிஜிஸ்டர் போய்விட்டது என்போம்.

இது எனக்குப் புதிதல்ல. அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். ஞாயிறு பள்ளிக்கென்று வெளிநாட்டிலிருந்து காலண்டர் மாதிரி மேலே கம்பு வைத்த பெரிய படச்சுருள் வரும். வாரத்துக்கு ஒரு படம் புரட்டிப் பாடம் சொல்வார்கள். வருஷக் கடைசியில் அதை வெட்டி, சீட்டுக் குலுக்கி, குடும்பத்துக்கு ஒரு படமாகக் கொடுப்பது எங்கள் சபையின் வழக்கம். எங்கள் வீட்டுக்கு விழுந்தது இது, இப்போது உயிரோடு இல்லாத என் அப்பா, நைனா, பிறப்பதற்கும் முன்னால். சபையில் யாராவது பார்க்க வந்தால் நான் லூப்பைக் கையில் கொடுத்துப் பாடமே எடுப்பேன். "மத்த பிள்ளைங்க எல்லாம் வெள்ளை, இந்தப் பொண்ணு மட்டும் மாநிறம் பாத்தீங்களா? இந்தியாவுக்கு அனுப்பற சுருளுக்குன்னு ஒரு கல் கூடுதலா வெட்டியிருக்கான்" என்பேன். புதிதாக வந்த போதகர் ஐயர் ஒருவர் அதை ஒரு பிரசங்கத்தில்கூடச் சேர்த்துக்கொண்டார். அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள்.

கல்லச்சு என்றால் எண்ணெய் மை. எண்ணெய் மை என்றால் தண்ணீருக்குப் பயமில்லை. இருந்தாலும் நான் சோதிக்காமல் இறங்குகிறவனா? பஞ்சை நனைத்து, படத்தின் கீழ் ஓரத்தில் நீலமும் பழுப்பும் கோட்டைத் தாண்டி வந்திருந்த இடத்தில் வைத்து எடுத்தேன். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. இன்னொரு தடவை, இன்னொரு மூலையில். அப்போதும் வெள்ளை.

எங்கள் தொழிலில் எதையும் ஓரத்தில்தான் சோதிப்போம். தாளின் விளிம்பில் நிறப்பட்டை அச்சாகும், அதை அளந்தால் போதும், நடுவில் இருக்கிற படத்தை யாரும் தொடுவதில்லை. ஓரம் சரியென்றால் தாள் முழுக்கச் சரி. இத்தனை வருஷமாக அந்த ஓரம் என்னை ஏமாற்றியதே இல்லை. அக்காவின் முகத்தில் மட்டும் லூப்பில் பொடி எதுவும் தெரியவில்லைதான். ஈரம் மறைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நைனாவின் பழைய வேட்டி ஒன்றை நனைத்துப் பிழிந்து, கண்ணாடியைக் கவிழ்த்துப் போட்டு, தாளின் முதுகில் விரித்தேன். போன் அடித்தது. மனைவிதான். "எங்க கீறீங்க? மயக்க மருந்து டாக்டர் வந்தாரு. அத்தை அவருகிட்டயும் வரமாட்டேன்னு சொல்லிட்டாங்க."

"வந்துக்கினே இருக்கேன்" என்றேன். கூடத்துத் தரையில் முட்டி போட்டுக்கொண்டு இருந்தேன்.

ஊறட்டும் என்று காத்திருப்பதைப்போல ஒரு தண்டனை கிடையாது. மூலையைத் தூக்கிப் பார்ப்பது, விட்டுவிடுவது, மணி பார்ப்பது. அம்மாவின் வால்வைப் பற்றி நினைப்பது. அது ஒழுகுகிறது என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார், அதே சொல்லைத்தான். மேலே அண்ணாந்து ஒழுகிய கூரையைப் பார்த்தேன். கடைசியில் மூலையைப் பிடித்து மெல்ல இழுத்தேன். வந்தது. பிசிறில்லாமல், ஒரு துளி கிழியாமல், முழுத் தாளும் கையோடு வந்தது. வாய்விட்டு ஸ்தோத்திரம் என்றேன்.

தாளைத் திருப்பினேன். அக்காவைக் காணோம்.

அவள் நின்ற இடத்தில் இன்னொரு வெள்ளைக்காரப் பெண் நின்றுகொண்டிருந்தாள். ரோஜா நிறக் கன்னம், வைக்கோல் முடி, எல்லோரையும் போல. தாளை விரிப்பின் மேல் போட்டுவிட்டுக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தேன். அக்கா கண்ணாடியில் இருந்தாள். மாநிற முகம், இரண்டு கைகள், கறுத்த முடி, அவ்வளவும் மெல்லிய தோலாகக் கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள். கண்களை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிப் பூசியிருக்கிறார்கள்.

லூப்பை வைத்தேன். பொடி இல்லை, குத்திய புள்ளி இல்லை. தூரிகை போன தடம், வர்ணம் தேங்கி உலர்ந்த ஓரத்தில் கறுத்த விளிம்பு, நெற்றியில் மாட்டிக்கொண்ட ஒரு தூரிகை மயிர். கூடுதல் கல் எதுவும் இல்லை, எந்த வெளிநாட்டுக்காரனும் எங்களை நினைக்கவில்லை. நைனா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பிள்ளைகளின் மேப்புக்கு நிறம் தீட்ட ஒரு வர்ணக்கட்டி டப்பா வைத்திருந்தார். அந்த டப்பாவில் நானும் தூரிகை தொட்டிருக்கிறேன். அதில் எந்தக் கட்டி அதிகம் தேய்ந்திருந்தது என்று அப்போது பார்க்கத் தோன்றவில்லை.

அந்த வர்ணத்தைப் பிடித்துவைப்பது பிசின், ஈரம் பட்டால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். படம் ஏன் அந்த ஒரு இடத்தில் மட்டும் ஒட்டியது என்று நான் கேட்டிருக்க வேண்டும். எங்கள் அச்சகத்தில் தினமும் பிளேட்டின் மேல் தடவுவதே பிசின் தண்ணீர்தான். அந்த ஓரத்துப் பஞ்சை எடுத்து என் மூஞ்சியில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. அழுதேன். அம்மாவுக்காக அழுதேனா, அக்காவுக்காகவா, நைனா அதை உட்கார்ந்து பூசியதை நினைத்தா என்று தெரியாது. கழுவித் துடைத்துவிட்டதைப் போல வெளுத்து நின்ற அந்தப் பெண்ணைப் பார்க்கப் பயமாக இருந்தது.

நிறம் கலந்து மறுபடி பூசிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கொடுத்த மாதிரிக்கு அச்சு அசலாக நிறம் பிடிப்பதுதானே என் வேலை. ஆனால் என் கை பட்டால் அது என் அக்கா இல்லை, நான் போட்ட லேபிள்.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. கண்ணாடியில் ஒரு நிறம் இருக்கிறது, தாளில் மிச்ச நிறங்கள் இருக்கின்றன. ஒன்றன் மேல் ஒன்றைச் சரியாக உட்காரவைத்தால் போதும். அந்தக் காலத்து அச்சுக்காரன் கல் கல்லாகச் செய்ததும் அதுதானே.

தாளை உலர்ந்த போர்வைகளுக்கு நடுவில் வைத்து எடுத்து, ஃபேனுக்குக் கீழே காயவைத்து, கண்ணாடியை மேலே இறக்கினேன். பொருந்தவில்லை. தண்ணீர் குடித்த தாள் விரியும், கண்ணாடி விரியாது. முடியைப் பொருத்தினால் தாடை இறங்குகிறது, தாடையைப் பொருத்தினால் கண் மூடிக்கொள்கிறது. இன்னும் காயட்டும் என்றால் பஸ் போய்விடும். கடைசியில் கண்ணைப் பொருத்தினேன். தாளில் இருந்த கண்கள் அந்த ஓட்டைகள் வழியாக வெளியே பார்த்தன. தாடையோரம் மட்டும் மயிரிழை அளவுக்கு ரோஜா நிறம் எட்டிப்பார்த்தது. எழுபது வயது தாண்டியவளுக்கு அது தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புது அட்டை வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, பஸ் ஏறினேன்.

அந்த ரோட்டில் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. படத்தை மடியில் படுக்கவைத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர், "தேவுடு படமா? மேலே வைங்களேன்" என்று தமிழும் தெலுங்குமாகச் சொன்னார். மாட்டேன் என்று தலையாட்டினேன். சந்திரகிரி தாண்டும்போது ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப்போட்டது, எனக்கு உயிர் போய் வந்தது. குனிந்து பார்த்தேன். கண்ணில் கண் இருந்தது.

வார்டுக்குள் நுழைந்தபோது அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தைப் போர்வை மேல் வைத்து, நகராமல் பிடித்துக்கொண்டேன். மனைவி மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். அம்மா மாட்டிக்கொண்டு குனிந்தாள். நான் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் மானிட்டரில் ஓடுகிற பச்சைக் கோட்டைப் பார்த்தேன்.

"இன்னாடா, இவ நவுந்துட்டா?" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டேன். மழை, கல்லச்சு, ஓரம், பஞ்சு, வேட்டி, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். "நைனா பூசினதுன்னு எனக்குத் தெரியாதும்மா. அச்சுன்னு நெனச்சேன். ஊர் முழுக்க அப்டித்தான் சொல்லிக்கினு கெடந்தேன்" என்றேன். பச்சைக் கோடு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

அம்மா படத்தின் கண்ணாடி மேல் விரலை வைத்தாள், தாடையோரம், சரியாக அந்த இடத்தில். "அவள அடக்கம் பண்ணிட்டு வந்த வாரம் உங்க நைனா உக்காந்து போட்டாரு. நான்தான் பக்கத்துல இருந்து, இன்னும் கொஞ்சம் கருப்பா போடு, இன்னும் கொஞ்சம்னு சொல்லிக்கினே இருந்தேன். நீ கல்லு கல்லுன்னு அவ்ளோ ஆசையா எல்லாருக்கும் சொல்லுவ. எதுக்குடா கெடுக்கணும்?"

"நகர்ந்துபோச்சேம்மா" என்றேன்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவ எங்கடா ஒரு எடத்துல நின்னா? சோறு துன்னும்போதுகூட ஓடிக்கினேதான் இருப்பா. இத்தினி வருசமா அசையாம நின்னுக்கினு இருந்தாளே, அதுதான் எனக்கு மனசுக்கு ஆவல."

காலையில் ஸ்ட்ரெச்சர் வந்தது. அதில் ஏற்றிய பிறகு அம்மா கழுத்தைத் திருப்பி, என் கையிலிருந்த படத்தைப் பார்த்து, "போய்ட்டு வரேன்டி" என்றாள். தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெளியே பெஞ்சில் மனைவியும் நானும் உட்கார்ந்திருந்தோம். காபி குடிக்கிறீர்களா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். மதியத்துக்கு மேல் டாக்டர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது, வால்வு நன்றாக வேலை செய்கிறது என்றார். எழுந்து அவருக்குக் கை கூப்ப வேண்டும். முடியவில்லை. இரண்டு கையும் இன்னும் கண்ணாடியை அமுக்கிக்கொண்டிருந்தன.